ஆக்ஸோலாட்டில் உயிருக்குப் போராடுது, என்ன செய்யணும்?

கௌரி, வேளச்சேரி:
மேல் வீட்டுக்காரங்க நேத்து ஊருக்குப் போறப்ப, "ரெண்டு நாளைக்கு ஒரு தரம் லட்டுக்குத் தீனி போடுங்க அக்கா"ன்னு சாவியைக் கொடுத்தாங்க. லட்டு அவங்க பையன் வளர்க்கிற ஆக்ஸோலாட்டில், தண்ணிக்குள்ளேயே வாழுற, தலைக்கு வெளியே செவுள் உள்ள பல்லி மாதிரி பிராணி. இன்னைக்குக் கதவைத் திறந்ததும் குப்புன்னு வாடை. தண்ணி பழுப்பு, அடியில கலர் கல், தெர்மாமீட்டர்ல 31 டிகிரி. இறகு மாதிரி இருக்க வேண்டிய செவுள் குச்சியா முன்பக்கம் வளைஞ்சிருக்கு. இடது செவுள்ல வெள்ளையாப் பஞ்சு. வால் நுனி சுருண்டிருக்கு, வயிறு ஒட்டிப்போச்சு. ஃபோன்ல கேட்டா ரெண்டு மாசமா தண்ணியே மாத்தலையாம்! நாய் பூனை பார்க்கிற டாக்டர், இதை நான் பார்த்ததே இல்லைங்கறார். கேன் தண்ணியில விடலாமா? ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்றாங்களே? எனக்குக் கை நடுங்குது.

சரவணன்:
ஏழு வருஷமா வளர்க்கிறேன். சிஸ்டர், முதல்ல அந்தத் தண்ணியிலேருந்து வெளியே எடுங்க. அதுல அம்மோனியா ஏறியிருக்கும். செவுளையும் தோலையும் அரிக்கிறது அதுதான். வலை வேண்டாம், அதோட விரல் சிக்கும். டப்பாவால தண்ணியோட சேர்த்து அள்ளுங்க. சோப்பு படாத பெரிய டப்பில் குழாய்த் தண்ணி பிடிச்சு, மீன் கடை ஆன்டி குளோரின் சொட்டு விட்டு மாத்துங்க. கேன் தண்ணி வேண்டாம், இதுக்குத் தாது உப்பு உள்ள தண்ணிதான் ஒத்துக்கும். தினமும் முழுத் தண்ணியும் மாத்தணும். கல் ஒண்ணுகூட வேண்டாம். இரையை வாயால உறிஞ்சித்தான் பிடிக்கும், கல்லும் சேர்ந்து உள்ளே போய் குடல் அடைச்சுடும்.

இதோட பூர்வீகம் மெக்சிகோ சிட்டியின் சோச்சிமில்கோ, 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஏரி. 16–18 டிகிரிதான் சுகம், 24க்கு மேல போனாலே தவிக்கும். அதுக்காக ஃபிரிட்ஜ்ல வைச்சா 31லேருந்து ஒரேயடியா இறங்குற அதிர்ச்சியைத் தாங்காது. ஐஸ் பாட்டிலை டப்பில் மிதக்க விட்டு, மணிக்கு ஒண்ணு ரெண்டு டிகிரியா இறக்குங்க. இன்னைக்குத் தீனி வேண்டாம்.

நசீமா, மதுரை:
அந்தப் பஞ்சு பூஞ்சை. சிலர் உடனே உப்புக் குளியல்னு சொல்வாங்க, நான் முதல் நாள் செய்யவே மாட்டேன், வெந்த செவுள் எரியும். காய்ஞ்ச பாதாம் மரத்து இலை ஒண்ணு போடுங்க, மருந்து அடிக்காத இலையா இருக்கணும். ரெண்டு நாள்ல குறையலைன்னா, அயோடின் இல்லாத கல் உப்பு லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன், தனிப் பாத்திரத்துல, பத்தே நிமிஷம். பக்கத்துலேயே உட்கார்ந்து பாருங்க. துடிச்சா உடனே எடுத்துடுங்க.

கௌரி:
நாலாம் நாள். பழைய தண்ணியை அம்மோனியா பார்க்கிற கிட்ல சோதிச்சேன், மஞ்சளா இருக்க வேண்டியது கரும்பச்சை. ஏசி அறையில ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுந்து பாட்டில் மாத்தி 19ல நிக்க வைச்சிருக்கேன். உப்பு ஒரு தடவைதான் தேவைப்பட்டது. பஞ்சு உதிர்ந்துடுச்சு. உரக்குழி சிவப்புப் புழுவைத் துப்பிட்டான், பூந்தொட்டி மண்புழுவை நறுக்கிக் கொடுத்தேன், லபக்குன்னு வாங்கிட்டான்! அழுதுட்டேன். ஞாயிறு அவங்க வர்றாங்க. எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?

சரவணன்:
கூலிங்குக்கு ஏற்பாடு பண்ணாம கொடுக்காதீங்க சிஸ்டர். பையனைக் கூப்பிட்டு அந்த கிட்டோட நிறத்தைக் காட்டுங்க. செவுள் திரும்ப வளரும், மாசக்கணக்காகும். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்னு கேட்டுப் பாருங்க.