ஒன்பது நாள் பயணத்துக்குப் பெட்டியில் எதை வைப்பது?

கேள்வி: மண்டபத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகக் குளிரும் மழையும் மிகுந்த ஒரு நாட்டுக்கு ஒன்பது நாள் போய்வர வேண்டியிருக்கிறது. இன்று திங்கள், வெள்ளி இரவு மதுரையில் விமானம் ஏற வேண்டும். கொடைக்கானல் போனபோது வாங்கிய இரண்டு ஸ்வெட்டர்களைத் தவிர என்னிடம் எதுவுமில்லை. அம்மா ஒரு கம்பளியையும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியையும் வைத்த பிறகு பெட்டியை மூடவே முடியவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் இரண்டு நாட்களாகத் தூக்கமில்லை. விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கீழக்கரை, இப்போது பர்மிங்காம்

தங்கச்சி, துணியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் தங்குமிடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். நான் 2009 ஜனவரியில் வந்தபோது எனக்குக் கிடைத்த அறையின் சுவரெல்லாம் ஈரம் கசிந்து பூஞ்சை பிடித்திருந்தது. முன்பணம் கட்டினால்தான் மின்சாரம் வரும் மீட்டர் அது. பணம் தீர்ந்த இரவுகளில் தொழுகை விரிப்பையும் போர்வைக்கு மேல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தை முழுவதும் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். சிறிய குக்கர் ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி, இப்போது துபாய்

எந்த நாடாக இருந்தாலும் கசகசாவை எடுத்துப் போகாதீர்கள். இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் சிக்கல்தான். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் எழுதிய சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன், இப்போது டொரண்டோ

குளிர் என்றால் ஒரே வழிதான்: முழங்கால் வரை நீளும், இறகு அடைத்த கனமான கோட். முதல் வருடம் அது இல்லாமல் பேருந்து நிறுத்தத்தில் நின்று என் காது மடல் வெடித்துப்போனது. பெட்டியில் பாதி இடத்தை அது அடைத்தாலும் பரவாயில்லை, அதை விட்டுவிட்டு மட்டும் கிளம்பாதீர்கள்.

ராமேஸ்வரம், இப்போது பெர்கன்

பாம்பன் அண்ணன் சொல்வது உறைபனி விழும் ஊருக்குப் பொருந்தும், மழை ஊருக்குப் பொருந்தாது. இறகு கோட் நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் உருண்டைகளாகத் திரண்டுவிடும். அதன் பிறகு அதில் சூடு தங்காது. நான் இருக்கும் நார்வே ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பெய்வதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் நம் ஐப்பசி மழைபோலக் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்வதில்லை. நாள் முழுவதும் நூலாகத் தூறிக்கொண்டே இருக்கும்.

கீழக்கரை, இப்போது பர்மிங்காம்

மழையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், சகோதரி. மாலை நான்கு மணிக்கே இருட்டுகிறதே, அதுதான் தாங்க முடிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே எனக்கு ஆறு வருடம் கழிந்தது. ஊரில் நோன்புக் கஞ்சியை வீடு வீடாகக் கொடுத்தனுப்பி வளர்ந்தவனுக்கு அந்த மௌனம் குளிரைவிடக் கொடியது.

பாம்பன், இப்போது டொரண்டோ

உண்மை. மீனும் அப்படித்தான். கடையில் பனிக்கட்டிபோல் கிடக்கும் சீலாவை வாங்கிக் குழம்பு வைத்தால், அது பெயருக்குத்தான் சீலா. காலையில் வலையிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட நாக்கு அதை ஏற்பதில்லை.

தேவிபட்டினம், இப்போது சிங்கப்பூர்

பெரியவர்கள் மன்னிக்கவும். அந்தத் தங்கை எந்த நாட்டுக்குப் போகிறார், அங்கே அறைக்குள் வேலையா, வெளியில் வேலையா என்று யாருமே கேட்கவில்லை. அது தெரியாமல் எப்படிப் பெட்டி கட்டுவது?

கேட்டவர், மண்டபம்

முதலிலேயே சொல்லாதது என் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஓபன் என்ற ஊர். கடற்பாசி வளர்ப்புப் பணியில் இருக்கிறேன். அங்கே வளர்க்கும் முறையைப் பார்த்துவரப் போகிறேன். நீர் வற்றும் நேரத்தில் பாறைகளில் இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். குடியேறப் போகவில்லை, திரும்பி வந்துவிடுவேன்.

ராமேஸ்வரம், இப்போது பெர்கன்

அப்படியென்றால் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை, நீங்கள் அறிந்த ஒன்றைத்தான் நினைவூட்டுகிறேன். பாசி எடுக்கும் நம் பெண்கள் கடலுக்குள் இருக்கும்வரை நடுங்குவதில்லை. நனைந்த சேலையும் அதற்கு மேல் ஆண்கள் சட்டையுமாகக் கரையேறி, வாடைக் காற்றில் நிற்கும்போதுதான் பல் கிட்டிக்கொள்கிறது. நீங்கள் போகும் இந்த நவம்பரில் ஓபனில் குளிர் பெரும்பாலும் 4 முதல் 9 டிகிரிக்குள்தான் இருக்கும். உறைந்துபோகும் குளிர் அல்ல. ஆனால் உடம்பு நனைந்து காற்றும் அடித்தால் அந்த 9 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே தடிமனாக உடுத்துவதைவிட நனையாமல் இருப்பதைப் பற்றியே யோசியுங்கள்.

உடலை ஒட்டிப் பருத்தி வேண்டவே வேண்டாம். பருத்தி வியர்வையையும் தூறலையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அந்த ஊர்க் காற்றில் எளிதில் காயாது. கம்பளி நூலிலோ செயற்கை இழையிலோ செய்த உள்ளாடை மேலுக்கும் காலுக்குமாக இரண்டு இணை, அதன் மேல் உங்கள் கொடைக்கானல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் புகாத மழை ஜாக்கெட், மழைக் காற்சட்டை. ஜாக்கெட்டை வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: தையல்களின் மேல் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் ஊசித் துளை வழியாகத்தான் இறங்கும். தண்ணீரின் அழுத்தத்தைத் துணி எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவாக 10,000 மி.மீ. என்று அட்டையில் எழுதியிருந்தால் சில மணி நேர மழைக்குத் தாங்கும். வாங்கியதும் அதைப் போட்டுக்கொண்டு, யாரையாவது ஒரு குடம் தண்ணீரைத் தோளில் ஊற்றச் சொல்லுங்கள். அங்கே போய் ஒழுகுவது தெரிந்து பயனில்லை.

குடை வேண்டாம். அந்தக் கரைக் காற்று அதை மல்லாத்திவிடும்.

தேவிபட்டினம், இப்போது சிங்கப்பூர்

எல்லாவற்றையும் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமே. கிளாஸ்கோவில் பழைய கோட்டுகளைக் குறைந்த விலைக்கு விற்கும் அறக்கட்டளைக் கடைகள் இருக்கின்றன.

ராமேஸ்வரம், இப்போது பெர்கன்

குடியேறுபவருக்கு அது நல்ல யோசனை. ஒன்பது நாளுக்குப் போகிறவர் கடை தேடி அலைய முடியாது. கிளாஸ்கோவிலிருந்து ஓபனுக்கு ரயிலிலேயே மூன்று மணி நேரம், சேருவதற்குள் இருட்டிவிடும். தொப்பி, கையுறை, கழுத்துத் துணி ஆகியவற்றை அங்கே வாங்கலாம். ஜாக்கெட்டையும் காலணியையும் ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். காலணி கணுக்காலுக்கு மேல் ஏறுவதாக, தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்கியதாக இருக்கட்டும். வெள்ளிக்குள் இரண்டு நாளாவது அதில் நடந்துவிடுங்கள். இரவில் ஈரக் காலணிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் ஓரளவு காய்ந்துவிடும். ஹீட்டரை ஒட்டி வைத்தால் பசை விட்டுவிடும்.

பரமக்குடி, இப்போது லீட்ஸ்

கைப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பயணத்தில் என் பெட்டி மூன்று நாள் தாமதமாக வந்தது. பருத்திச் சட்டையோடு வந்து இறங்கியவன், அதையே இரவில் துவைத்து, காயாமலே காலையில் போட்டுக்கொண்டு போனேன், காய்ச்சலில் விழுந்தேன். முழுமையான உடை ஒரு இணையும் மழை ஜாக்கெட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பவர் பேங்க்கும் கைப்பையில்தான். பெட்டியில் வைக்க அனுமதியில்லை. தேங்காய் எண்ணெய் கைப்பை என்றால் 100 மில்லிக்கு மேற்படாத புட்டியில் இருக்கட்டும். 24 டிகிரிக்குக் கீழே அது கட்டியாகிவிடும் என்பதால் வாய் அகன்ற டப்பா நல்லது. அங்கும் 230 வோல்ட்தான். மூன்று தட்டையான முனைகள் கொண்ட அடாப்டர் மட்டும் போதும்.

உணவில் நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களும் இறைச்சியும் கூடாது. கருப்பட்டியும் பருப்புப் பொடியும் போதும். கருவாடு மட்டும் வேண்டாம். சன்னலைத் திறக்க முடியாத அறையில் அந்த வாடை ஸ்வெட்டரில் ஏறினால் ஊர் திரும்பும்வரை போகாது.

கேட்டவர், மண்டபம் (புதன் இரவு)

அனைவருக்கும் நன்றி. இன்று மதுரையில் ஜாக்கெட் வாங்கி வந்து, கிணற்றடியில் நின்று அம்மாவைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். முதல் குடத்திலேயே இடது தோள் தையலில் ஈரம் இறங்கியது. உள்ளே திருப்பிப் பார்த்தால் அந்த ஓர் இடத்தில் பட்டை விரலளவுக்குப் பிரிந்திருக்கிறது. நாளைக் காலை முதல் பேருந்தில் போய் மாற்றிக்கொண்டு வருகிறேன். கம்பளியைப் பெட்டியிலிருந்து எடுத்தாயிற்று. பெட்டி இப்போது மூடுகிறது.