மதுரைக்கு நீளம் 15-ஆ?

ஆனையூர் கீபோர்டு:
நேற்று வேறொரு இழையில் தெற்குவாசல் அண்ணன் ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார். விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரின் உதவிப் பக்கங்களை ஒழுங்காகப் படித்தவனுக்கு, அதற்குள் நிரல் எழுதும் மொழியான விம்ஸ்கிரிப்டில் சந்தேகமே வராதாம். படித்தேன் அண்ணே, படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். சரத்தின் நீளத்தைச் சொல்லும் ஸ்டர்லென் ஃபங்ஷனுக்குள் 'மதுரை' என்று கொடுத்தால் 15 வருகிறது. ம, து, ரை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் மூன்று என்று சொல்லும். இந்த 15 எங்கிருந்து குதித்தது?

தெற்குவாசல்:
அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே பைட் கணக்கு என்று எழுதியிருக்கிறது. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி ஆக ஐந்து. ஐம்மூன்று பதினைந்து. இதற்கு ஓர் இழையா?

ஆனையூர் கீபோர்டு:
வாய்ப்பாடு எனக்கும் தெரியும் அண்ணே. 'லென்' என்றால் நீளம். என் ஊர்ப் பெயரின் நீளம் 3.

தெற்குவாசல்:
15.

மேலூர்க்காரி:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நீளம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? பைட்டா, குறியீடா, எழுத்தா, திரையில் பிடிக்கும் இடமா? விம்மில் நான்குக்கும் தனித்தனி ஃபங்ஷன் இருக்கிறதே.

ஆனையூர் கீபோர்டு:
அதெல்லாம் அப்புறம் அக்கா. மூன்றெழுத்துக்கு எவனாவது 15 என்று சொல்வானா? அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

தெற்குவாசல்:
எவனாவது இல்லை தம்பி, பிராம் மூலேனார் சொன்னார். 1991-இல் அமிகா கணினிக்காக விம்மை வெளியிட்டவர். 2023 ஆகஸ்டில் காலமாகும்வரை அந்த உதவிப் பக்கங்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். நீ போன வருடம் விம்மை விட்டுவிட்டு அதன் கிளையான நியோவிம்முக்கு ஓடி, அங்கே நிரல் எழுதும் லுவா மொழிதான் உலகம் என்று இங்கே நாற்பது பதிவு போட்டாயே, அந்த லுவாவிலும் மதுரைக்கு 15-தான். போட்டுப் பார்.

ஆனையூர் கீபோர்டு:
பழைய கதை எதற்கு? ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் 3 வருகிறது.

தெற்குவாசல்:
அப்படியானால் போய் ஆப்பிள் வாங்கிக்கொள்.

ஈமேக்ஸ் பக்தன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஈமேக்ஸ் எடிட்டரில் லென்த் என்று கேட்டால் 5 என்று கௌரவமாகச் சொல்லும். பைட் வேண்டுமென்றால் அதற்கு வேறு பெயரில் ஃபங்ஷன். பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை.

தெற்குவாசல்:
5 வந்தால் தம்பியின் 3 கிடைத்துவிடுமா? நீங்கள் வந்த வழியே போகலாம்.

சிம்மக்கல் சித்தப்பு:
பைட் என்ன பைட்? எண்ணுண்மி என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு தமிழ் எழுத்தைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் அதையாவது தமிழில் போடுங்கள்.

தெற்குவாசல்:
டவுன்ஹால் ரோட்டில் போய் 16 ஜிகா எண்ணுண்மி பென்டிரைவ் கேளுங்கள் சித்தப்பு. கடைக்காரர் என்ன எடுத்துக் கொடுக்கிறார் என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

சிம்மக்கல் சித்தப்பு:
நக்கல் வேண்டாம். என்னிடம் வாங்கிப்போன பென்டிரைவ் இன்னும் திரும்பி வரவில்லை என்பதையும் இந்தச் சபையில் பதிவு செய்கிறேன்.

ஆனையூர் கீபோர்டு:
விஷயத்துக்கு வருவோம். நான் பொழுதுபோகாமல் கேட்கவில்லை. டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். காதணி விழாப் பத்திரிகை. வரிக்கு 20 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று டிசைன். நீளமான வரியை வெட்ட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, சரத்தை வெட்டித் தரும் ஸ்டர்பார்ட்டில் 20 என்று கொடுத்தேன். 'தாய்மாமன் சீர்வரிசை' என்ற வரி, நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்து மொத்தமே 11 எழுத்து. வெட்டவே வேண்டியதில்லை. ஆனால் திரையில் வந்தது 'தாய்மா', அதன் பின்னால் கோணக்குறிக்குள் இரண்டு விளங்காத சமாச்சாரம். மாமனின் 'மன்' காணோம், சீர்வரிசையே காணோம். பத்திரிகை கொடுக்க வந்தவரே அந்தத் தாய்மாமன்தான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதுரையில் தாய்மாமன் பெயரைப் பாதியில் வெட்டினால் என்ன நடக்கும் என்று உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா அண்ணே?

தெற்குவாசல்:
ஸ்டர்பார்ட் பக்கத்திலும் பைட் என்றுதான் இருக்கிறது. 20 பைட்டில் 18 பைட்டுக்கு ஆறு குறியீடு, அதுதான் உன் 'தாய்மா'. மிச்சம் 2 பைட், அடுத்து வந்த 'ம'வின் முதல் இரண்டு துண்டு. துண்டாக வெட்டச் சொன்னது நீ, வெட்டியது அது. பைட்டில் இல்லாமல் குறியீட்டுக் கணக்கில் வெட்டும் ஸ்டர்சார்பார்ட் என்று ஒன்று இருப்பது உன் கண்ணில் படவில்லையா? மாமன் உன்னை விட்டுவிட்டுப் போனதே பெரிய விஷயம்.

மேலூர்க்காரி:
தெற்குவாசல் சார், ஸ்டர்சார்பார்ட்டையும் அப்படியே போட்டால் குறியைத் தனியாகத்தான் எண்ணும். அந்த வரியை 7 என்று வெட்டினால் 'தாய்மாம' என்று நிற்கும். நான்காவதாக ஒன்று கொடுத்து, குறிகளை எழுத்தோடு சேர்த்து எண்ணச் சொல்ல வேண்டும். குறியீட்டை எண்ணிச் சொல்லும் ஸ்டர்சார்ஸிலும் அப்படித்தான். சும்மா கொடுத்தால் மதுரைக்கு 5, கூடவே 1 என்று கொடுத்தால் 3. இப்போது அதற்கென்றே ஸ்டர்சார்லென் இருக்கிறது. தம்பி கேட்ட 3 கிடைத்துவிட்டது, சார் சொன்ன 15-உம் சரி. அடுத்த வேலையைப் பார்க்கலாமா?

ஆனையூர் கீபோர்டு:
பாருங்கள், அக்காவே 3 என்று சொல்லிவிட்டார்.

தெற்குவாசல்:
அவர் 15 சரி என்று சொன்னதைப் படி.

திருமங்கலம் தமிழய்யா:
கணினி விவரம் எனக்குத் தெரியாது. ஆனால் மதுரை மூன்று என்பதில் ஒரு நயம் இருக்கிறது. ம ஒரு மாத்திரை, து ஒரு மாத்திரை. ரை இயல்பாக இரண்டு மாத்திரை என்றாலும் சொல்லின் கடைசியில் நிற்பதால் ஐகாரக் குறுக்கம், ஒன்றாகக் குறையும். ஆக மூன்று மாத்திரை. அதே சமயம் ம், அ, த், உ, ர், ஐ என்று பிரித்தால் ஆறு. தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது என்றது இந்தக் கணக்கில்தான்.

தெற்குவாசல்:
அய்யா, 15, 5, 3 போதாதென்று 6-ஐயும் கொண்டுவந்து விட்டீர்கள். நன்றி.

ஆனையூர் கீபோர்டு:
இலக்கணமே என் பக்கம். அது மட்டுமில்லை, சென்னையைப் போட்டுப் பார்த்தேன். 18! சென்னையும் மூன்றெழுத்து, மதுரையும் மூன்றெழுத்து. அவர்களுக்கு 18, நமக்கு 15. இதை ஒரு மதுரைக்காரர் ஆதரித்துப் பேசுகிறார்.

தெற்குவாசல்:
சென்னையில் புள்ளி வைத்த ஒற்று இருக்கிறது. மேலூருக்கும் 18-தான். போய் மேலூர்க்காரியிடம் சண்டை போடு.

மேலூர்க்காரி:
என்னை விட்டுவிடுங்கள்.

சிம்மக்கல் சித்தப்பு:
எல்லாம் யூனிகோட் செய்த வேலை. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்ற முறையையும் அறிவித்தது. அதில் 'து'வுக்கு ஒரே குறியீடு, 'ரை'க்கு ஒரே குறியீடு. அதை எல்லாரும் பிடித்துக்கொண்டிருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

தெற்குவாசல்:
இங்கே எத்தனை பேர் அதில் தட்டச்சு செய்கிறீர்கள் சித்தப்பு? நீங்களே பழைய பாமினி எழுத்துருவை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. நான் விம் 7.2 காலத்து ஆள். அப்போது ஸ்டர்சார்ஸே கிடையாது. எழுத்தை எண்ண வேண்டுமென்றால் ஒவ்வோர் எழுத்தையும் எக்ஸாக மாற்றி, அந்த எக்ஸ்களை ஸ்டர்லென்னால் எண்ண வேண்டும். அந்த வித்தையையும் உதவிப் பக்கமே சொல்லிக் கொடுத்தது. படித்தோம், செய்தோம். இழை தொடங்கவில்லை. இன்னொன்று சொல்கிறேன். 'கொ' என்ற எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியுமாக எழுதினால் 6 பைட். ஒற்றைக் கொம்பு, கால் என்று பிரித்து எழுதிய பழைய கோப்பில் 9 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இதையெல்லாம் பார்த்தவன் பைட்டை மட்டும்தான் நம்புவான். ஆகவே 15.

ஆனையூர் கீபோர்டு:
ஒரே எழுத்துக்கு ஒரு நாள் 6, ஒரு நாள் 9. இதையா அண்ணே நம்பச் சொல்கிறீர்கள்? நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்.

தெற்குவாசல்:
உன் கட்சிக்கு வரவில்லை. நீ கேட்டது மதுரை. மதுரையில் ஒகரமே இல்லை. மதுரைக்கு 15.

ஈமேக்ஸ் பக்தன்:
5.

தெற்குவாசல்:
உங்களை அப்போதே போகச் சொன்னேன்.

மேலூர்க்காரி:
விம்ஸ்கிரிப்டின் புதிய வடிவமான விம்9 ஸ்கிரிப்டில் சரத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு எடுத்தால் முழு எழுத்தாகவே வரும், குறியும் ஒட்டிக்கொண்டு. பழைய ஸ்கிரிப்டில்தான் பைட் பைட்டாக உதிரும். தம்பி புதிதாக எழுதுவதை அதிலேயே எழுதலாம். 2022-இல் வந்த 9.0 இருந்தால் போதும்.

ஆனையூர் கீபோர்டு:
அப்படியானால் அவர்களே திருத்திக்கொண்டார்கள்! அதாவது பழையது தப்பு என்று ஒப்புக்கொண்டார்கள்!

தெற்குவாசல்:
அடைப்புக்குறியைத்தான் மாற்றினார்கள். லென்னையும் ஸ்டர்லென்னையும் தொடவில்லை. விம்9-இலும் மதுரைக்கு 15. இப்போதே போட்டுப் பார், காத்திருக்கிறேன்.

சிம்மக்கல் சித்தப்பு:
காத்திருக்கிற நேரத்தில் என் பென்டிரைவைத் தேடலாமே.

திருமங்கலம் தமிழய்யா:
ஆனையூர்த் தம்பி, காதணி விழா என்று சொன்னீர்களே. பத்திரிகையில் மதுரை என்று போட்டீர்களா, மதுரை மாநகர் என்று போட்டீர்களா?

ஆனையூர் கீபோர்டு:
மாநகர்தான் அய்யா. ஏழெழுத்து.

தெற்குவாசல்:
நடுவில் இடைவெளி விட்டிருந்தால் 34.