புதுப்பிப்பு: பில்லில் ஊர்ப்பெயரின் புள்ளி விடுபட்ட விவகாரம்

முன்பு கேட்டது இதுதான்: வேலூர் கடை ஒன்றின் பில்லில் 'குடியாத்தம்' என்பது 'குடியாத்தம' என்று அச்சாகிறது. காரணம் பிடிபட்டது. ஏஐ உதவியாளர் எழுதிய பைதான் நிரல் வரி, பெயரை 10 குறியீட்டோடு வெட்டுகிறது. நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 11 குறியீடு. கடைசிக் குறியீடான புள்ளிதான் போச்சு.

நிரலைச் சரிபார்க்கும் சோதனையையும் அந்த ஏஐயே எழுதியதால் பாஸ்! எதிர்பார்க்கும் விடையை நாமே கையால் எழுதித் தர வேண்டும்.

தீர்வு: எழுத்து வடிவங்களைத் தேடிப் பிரிக்கும் ரெகெக்ஸ் (regex) என்ற பைதான் தொகுப்பை நிறுவி, பின்சாய்கோடு பெரிய எக்ஸ் (\X) கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்தபின் வெட்டுங்கள். பைதானோடு வரும் 'ரீ' (re) தொகுப்பில் அந்த வசதி கிடையாது. 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவை இரண்டாக எண்ணப்படும், அவற்றைத் தனியாகக் கவனியுங்கள். அச்சு அகலம் வேறு கணக்கு. 'ணை'யும் 'ர'வும் ஒரே இடமா பிடிக்கும்?