புதுப்பிப்பு: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டின் வயிற்றுக் கோளாறு

எவ்வளவு தின்றாலும் இளைக்கிறான், மலம் வெளிறி எண்ணெய்ப் பிசுக்கோடு குவியலாகப் போகிறது என்று எழுதியிருந்தேன். தயிர்சாதம், பூச்சி மருந்து என்று பலர் சொன்னீர்கள். பூச்சி மருந்து ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. டாக்டர் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, கணைய நொதியின் அளவை ரத்தத்தில் பார்க்கும் டிஎல்ஐ பரிசோதனைக்கு அனுப்பினார். கணையம் செரிமான நொதிகளைப் போதுமான அளவு சுரக்கவில்லை என்று தெரிந்தது. இந்த இனத்தில் அடிக்கடி வருவதுதானாம். இப்போது ஒவ்வொரு வேளையும் சோற்றில் நொதித்தூளைப் பிசைந்து வைக்கிறோம், கூடவே பி12 ஊசி. ஆயுசுக்கும் தூள் வேண்டும், விலைதான் கடிக்கிறது. ஆனால் மலம் கெட்டியாகி, விலா எலும்பின் மேல் சதை பிடிக்கிறது. தன் மலத்தையே மோந்து தின்னப் போவதும் நின்றுவிட்டது, அப்பாடா!

அப்புறம், ஒரே வேளை வைத்தால் போதாதா என்று கேட்டவருக்கு: வேண்டாம், பிரித்து வையுங்கள். பெரிய நாய்கள் ஒரேயடியாகத் தின்றால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடும்.