மறக்க முடியாத டார்ச் லைட்டுகள்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

சென்னை உறுப்பினர் (தொடங்கியவர்)

டார்ச் லைட் பிரியர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு "எத்தனை லூமன்?" என்பதில், அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவில், தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. லூமன் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டேதான் போகும். நேற்றுப் பெரிய சாதனையாகத் தெரிந்தது இன்று சாவிக்கொத்தில் தொங்குகிறது. ஆகவே அந்த எண்ணைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த விளக்கு உங்களை வியக்க வைத்தது, எதற்காக இன்றும் நினைவில் இருக்கிறது என்று எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

எனக்கு அந்த விளக்கு ஷ்யூர்ஃபயர் 6பி. வணிகக் கப்பலில் பொறியாளராக இருந்த என் சித்தப்பா விடுமுறைக்கு வந்தபோது அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதுவரை எங்கள் வீட்டில் பெருமைக்குரிய பொருள், மூன்று பெரிய கட்டை போடும் மேக்லைட்தான். குரோவேஷியாவில் வளர்ந்து அமெரிக்கா திரும்பிய டோனி மக்ளிகா கலிஃபோர்னியாவில் பட்டறை நடத்தி, 1979-இல் கொண்டுவந்த விளக்கு அது. தகரக் குழாயும் தள்ளு சுவிட்சுமே டார்ச் என்று இருந்த காலத்தில், அலுமினியத்தைக் கடைந்து, மூட்டுகளில் ரப்பர் வளையம் பொருத்தி, தலையைத் திருகினால் ஒளி குவிந்து விரியும்படி செய்திருந்தார்கள். அமெரிக்கக் காவலர்கள் அதை வெளிச்சத்துக்கும் வைத்துக்கொண்டார்கள், தேவைப்பட்டால் தடியாகவும் வைத்துக்கொண்டார்கள். அதைவிட மேலான டார்ச் ஒன்று இருக்க முடியும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

மொட்டை மாடியில் நின்று எதிரிலிருந்த காம்பவுண்டுச் சுவரில் இரண்டையும் அடித்துப் பார்த்தோம். மேக்லைட்டைக் குவித்தால் நடுவில் ஒரு பளீர்ப் புள்ளி, அதைச் சுற்றிக் கோணல் மாணலான வளையங்கள். விரித்தாலோ, நடுவில் ஓர் இருட்டு ஓட்டை. பல்பைச் சூழ்ந்து ஒளியைத் திருப்பி அனுப்பும் வழவழப்பான பரவளையக் கிண்ணத்துக்குள் பல்பின் இழை குவியப் புள்ளியை விட்டு விலகும்போது அப்படித்தான் ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 6பி-யின் பித்தானைச் சித்தப்பா அழுத்தியதும் சுவரில் ஓர் ஒழுங்கான வெளிச்சம் விழுந்தது. வளையமும் இல்லை, ஓட்டையும் இல்லை. நடுவிலிருந்து ஓரம் வரை ஒளி சீராகத் தேய்ந்துகொண்டே போனது. அந்த விளக்கின் கிண்ணம் நுண்ணிய சொரசொரப்புடன் இருந்ததால் இழையின் பிம்பம் சிதறிக் கலந்துவிட்டிருக்கிறது. அவ்வளவு பெரிய வெளிச்சம் உள்ளங்கைக்குள் அடங்கும் குழாயிலிருந்து வந்தது என்பதைவிட, அது அவ்வளவு சுத்தமாக விழுந்தது என்பதுதான் என்னை வாயடைக்கச் செய்தது.

அதன் வெளிச்சம் வெறும் 65 லூமன். கேமராவில் போடும் சிஆர்123 லித்தியம் பேட்டரிகள் இரண்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும். சென்னையில் ஃபோட்டோ கடைகளில் மட்டும் கிடைத்த அந்தப் பேட்டரியின் விலையை நினைத்தால் யாரும் வீணாக எரியவிட மாட்டார்கள். பின்பக்கப் பித்தானும் அதற்கேற்றபடியே இருந்தது: அழுத்தியிருக்கும்வரை எரியும், விட்டால் அணையும், தொடர்ந்து எரிய வேண்டுமென்றால் மூடியைத் திருக வேண்டும். ஷ்யூர்ஃபயர், முதலில் லேசர் புராடக்ட்ஸ் என்ற பெயரில் துப்பாக்கிகளுக்கு லேசர் குறிகாட்டி செய்துவந்த நிறுவனம் என்பதை அறிந்த பின்தான், வேண்டிய நொடிக்கு மட்டும் எரியவிடும் அந்தப் பித்தானின் நோக்கம் எனக்கு விளங்கியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல்பும் கிண்ணமும் சேர்ந்த பி60 என்ற ஒரே பாகமாக அது கழன்று வரும். அதே அளவில் எல்இடி பாகங்களைப் பின்னாளில் வேறு பலர் செய்து விற்றார்கள். சித்தப்பாவின் விளக்கு இப்போது என்னிடம் எல்இடி-யுடன் எரிகிறது. உடல் மட்டும் அதே பழைய உடல். இப்படி ஒரு வாய்ப்பைத் தரும் விளக்கை இன்று எந்த நிறுவனமாவது செய்கிறதா என்று தேடிப் பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கோயம்புத்தூர் உறுப்பினர்

நண்பர் ஒளியின் வடிவத்தைப் பற்றி எழுதினார். நான் அதன் நிறத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நூற்பாலையில் மின் பராமரிப்புப் பணியில் இருப்பவனுக்கு அதுதான் முக்கியம்.

எல்இடி டார்ச்கள் வந்த புதிதில் எல்லாரையும் போல நானும் அவற்றின் பேட்டரிச் சிக்கனத்தைப் பார்த்து மயங்கினேன். ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்இடி-யைச் செய்து காட்டினார். அந்த வழியில் வந்த பணிக்காக 2014-இல் அவருக்கும் அகசாகி, அமானோ ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உண்மையில் நீல எல்இடி-யின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு பூசியதுதான். நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும், அதில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. இல்லாத நிறத்தை எந்தப் பொருளாலும் திருப்பி அனுப்ப முடியாது.

இதன் தொல்லை, மின் இணைப்புப் பேனலைத் திறந்தால்தான் தெரியும். நம் ஊர்ப் பழைய வயரிங்கில் ஃபேஸ் மூன்றும் சிவப்பு, மஞ்சள், நீலம். வெளிநாட்டு இயந்திரத்திலிருந்து வரும் கேபிளில் ஃபேஸ் பழுப்பாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து மங்கிய சிவப்பு வயரும், பஞ்சுத் தூசி படிந்த பழுப்பு வயரும் ஒரே டெர்மினலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது, சாதாரணக் குளிர்வெள்ளை டார்ச்சில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பழைய இழை பல்பு டார்ச்சில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை.

கான்வாய் எஸ்2 பிளஸ் என்ற சீன டார்ச்சில் நிச்சியா 219பி எல்இடி பொருத்தியதை வாங்கி, அதே பேனலுக்குள் அடித்தபோது, சிவப்பு சிவப்பாகவும் பழுப்பு பழுப்பாகவும் பிரிந்து நின்றன. அன்றைக்கு இரவு வீட்டுக்கு வந்து கனகாம்பரம், மஞ்சள் பொடி, தக்காளி, உள்ளங்கை என்று கண்ணில் பட்டதன் மேலெல்லாம் அடித்துப் பார்த்தேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான சிஆர்ஐ அளவில் சூரிய ஒளி 100. வழக்கமான டார்ச் எல்இடி 70-ஐ ஒட்டி நிற்கும். 219பி 90-ஐத் தாண்டும். வெளிச்சத்தின் அளவு என்னவோ குறைவுதான். ஆனால் கண்ணுக்கு இரு மடங்காகத் தெரிய ஏறத்தாழ நான்கு மடங்கு லூமன் வேண்டும் என்பதால், அந்தக் குறைவை நான் உணர்ந்ததே இல்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, குழாயிலிருந்து மெல்லிதாக ஒழுகும் தண்ணீரின் மேல் அடித்துப் பாருங்கள். நீர் ஒரே இழையாகத் தெரிந்தால் நல்லது. முத்து முத்தாக உடைந்து நின்று தெரிந்தால், அந்த டார்ச் எல்இடி-யை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது என்று பொருள். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட விளக்கை நான் எடுத்துச் செல்வதில்லை, ஏனென்றால் ஓடுகிற சக்கரம் நிற்பதுபோலத் தோன்றக்கூடும்.

சிங்கப்பூர் உறுப்பினர்

சுருக்கமாகவே எழுதுகிறேன். 2017-இல் வந்த எமிசார் டி4. விரல் நீளத்துக்குச் சற்றே கூடுதலான உடலில் ஒரே ஒரு 18650 பேட்டரி (மறுபடி சார்ஜ் செய்யும் லித்தியம் வகை), நான்கு எல்இடி, முழு வேகத்தில் ஏறத்தாழ 4,000 லூமன். இவ்வளவு சிறிய உடல் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் சில நொடிகளிலேயே தானாகத் தணிந்துவிடும். ஆக, அந்த எண் விளம்பரத்துக்குத்தான் அழகு. என்னைக் கவர்ந்தது அதன் பித்தான். அழுத்திப் பிடித்தால் மின்மினி அளவிலிருந்து வெளிச்சம் வழுக்கிக்கொண்டே ஏறும், வேண்டிய இடத்தில் விட்டுவிடலாம். இந்த இயக்க நிரலை டாய்கீப்பர் என்ற புனைபெயரில் இயங்கும் ஆர்வலர் எழுதி, யாரும் திருத்திக்கொள்ளும்படி மூலநிரலோடு வெளியிட்டிருக்கிறார். பையில் தவறுதலாக எரிந்தால் துணி கருகும் அளவுக்குச் சுடும் என்பதால், பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைப்பது எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது.

நெதர்லாந்து உறுப்பினர்

உங்கள் எல்லாருடைய விளக்குகளுக்கும் பற்றரி வேண்டும். நான் எழுதப்போவது பற்றரியே இல்லாத விளக்கைப் பற்றி.

1990-இல் போர் மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் வடக்குக்குக் கொண்டுவரக் கூடாத பொருட்களில் டோர்ச் பற்றரியும் ஒன்று. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் எங்கள் வயதுப் பிள்ளைகள் படித்தார்கள். செய்தி கேட்க வேண்டுமென்றால், சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். எங்கள் வீட்டில் பெரியப்பா கேட்பார், அண்ணாதான் மிதிப்பார். முக்கியமான இடத்தில் அண்ணா களைத்துவிட்டால் செய்தியும் களைத்துவிடும். அலுமாரிக்குள் ஒரு நல்ல டோர்ச் கிடந்தது. செத்த பற்றரிகளை வெயிலில் காயவைத்துப் போட்டால் சற்று நேரம் சிவப்பாக எரியும். அதற்குமேல் அது வெறும் குழாய்தான்.

பிறகு நான் இந்த நாட்டுக்கு வந்து, பழைய பொருள் சந்தை ஒன்றில் உள்ளங்கை அளவான கருப்பு விளக்கு ஒன்றைக் கண்டேன். பிலிப்ஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்தது. பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதை விரல்களால் அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே பற்சக்கரங்கள் சுழன்று, காந்தம் ஒன்று கம்பிச் சுருளுக்கு நடுவே ஓடி, சிறிய பல்பு எரியும். கூடவே உர்ர்ர் என்று ஒரு சத்தம். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது இங்கே இரவு முழுவதும் தெரு இருட்டடிப்பு, பற்றரிக்கும் தட்டுப்பாடு. அந்த நிலைமையில் மக்கள் கைகளில் இருந்தது இந்த விளக்கு. விற்றுக்கொண்டிருந்த முதியவர் தன் தாயார் இதைப் பிடித்துக்கொண்டு நடந்ததாகச் சொன்னார். நான் எங்கள் சைக்கிள் டைனமோவைப் பற்றிச் சொன்னேன். விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஒளியைப் பற்றிச் சொல்வதென்றால் மிகச் சாதாரணம். அமுக்குவதை நிறுத்தினால் உடனே மங்கிவிடும், பத்தடி தூரத்துக்கு மேல் பயனில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது எரிகிறது. கசிந்து கெட்டுப்போகப் பற்றரி இல்லை என்பதே காரணம். கோயம்புத்தூர் நண்பரிடம் ஒரு கேள்வி: இதன் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட முடியுமா?

மதுரை உறுப்பினர்

என் அனுபவம் முற்றிலும் வேறு துருவம். 2018-இல் வந்த பிஎல்எஃப் ஜிடி. பட்ஜெட்லைட்ஃபோரம் (பிஎல்எஃப்) என்ற இணைய மன்றத்தின் டார்ச் ஆர்வலர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி வடிவமைத்து, லுமின்டாப் நிறுவனத்தைக் கொண்டு செய்து வாங்கிய விளக்கு. எட்டு 18650 பேட்டரி போட்டுக்கொண்டு, தலை மட்டும் ஒரு சிறு குண்டான் அளவுக்கு இருக்கும். நண்பர் ஒருவர் அதைக் கொண்டுவந்தபோது ஒத்தக்கடைப் பக்கம் வயல்வெளியில் நின்று யானைமலைப் பாறையின் மேல் அடித்தோம்.

ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிந்து செல்கிறது என்பதற்கான அளவு கேண்டெலா. அதன் ஒளிச்செறிவு 10 லட்சம் கேண்டெலாவுக்கு மேல். டார்ச்களுக்காக 2009-இல் வந்த ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர அளவின்படி, தெளிந்த வானில் முழுநிலவு தரும் அளவான கால் லக்ஸ் வெளிச்சம் எவ்வளவு தூரம்வரை விழுகிறதோ, அதுதான் ஒரு டார்ச்சின் எட்டும் தூரம். 10 லட்சத்தைக் காலால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2,000 மீட்டர் வருகிறது. கணக்கு சரிதான், பாறையின் மேல் வெளிச்சம் விழத்தான் செய்தது. ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்பது எங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. நண்பர் பையிலிருந்து பைனாகுலரை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் பார்த்தபோதுதான் பாறையின் வெடிப்பில் முளைத்திருந்த செடி தெரிந்தது. இன்னொரு சங்கடமும் உண்டு: காற்றில் சிறிது பனி இருந்தாலும் கண்ணுக்கு முன்னாலேயே வெள்ளைத் தூண் எழுந்து, அப்பால் உள்ளதை மறைத்துவிடுகிறது. நான்கடி தள்ளி நிற்கிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும், பிடித்திருப்பவருக்குத் தெரியாது.

எதற்குப் பயன்படும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வாங்கவும் மாட்டேன். ஆனால் அதைப் பார்த்த பிறகு, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட தூரத்தைப் பாதியாகக் குறைத்துப் படிக்கப் பழகிவிட்டேன்.

கோயம்புத்தூர் உறுப்பினர்

நெதர்லாந்து ஐயாவுக்கு: போட முடியும், ஆனால் பல்பை எடுத்த இடத்தில் அப்படியே செருகினால் சரிவராது. சுழலும் காந்தம் தருவது மாறுதிசை மின்னோட்டம். இழை பல்பு எந்தத் திசையிலும் எரியும். எல்இடி ஒரு திசையில் மட்டுமே எரியும் என்பதால் பாதி உழைப்பு வீணாகி, ஒளியும் துடிக்கும். மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்ப நான்கு டயோடு சேர்த்த பிரிட்ஜ் ஒன்றும், அதற்குப் பின் மின்னூட்டத்தைச் சற்றுச் சேர்த்து வைக்க ஒரு கெபாசிட்டரும் வைத்தால் துடிப்பு அடங்கும். அமுக்குவதை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் எரியும். எல்இடி தாங்கக்கூடிய மின்னோட்டத்துக்குள் நிறுத்த ஒரு ரெசிஸ்டரும் அவசியம். இடம் இருக்கிறதா என்பதை உள்ளே திறந்து படம் எடுத்துப் போடுங்கள், வரைந்து அனுப்புகிறேன். என்னைக் கேட்டால், அந்தப் பல்பு எரிகிறவரைக்கும் அதையே விட்டுவைப்பேன். மாற்றிப் பார்க்க ஆசையாக இருந்தால் இப்போது புதிதாக விற்கும் அமுக்கு டார்ச் ஒன்றை வாங்கி அதில் செய்து பாருங்கள்.