த்ரில்லர் விமர்சனம்: இன்னும் உறுத்துகிற ஓர் இடம்

கேள்வி இதுதான்: த்ரில்லர் நாவலிலோ அதன் விமர்சனத்திலோ உங்களை இன்னும் உறுத்துகிற ஓர் இடம் எது?

#1
நான் படித்த ஒரு த்ரில்லர் விமர்சனத்தில் முடிவும் இல்லை, கொலையாளி பெயரும் இல்லை. ஆனாலும் ஒரே வரியில் கதையைப் போட்டு உடைத்துவிட்டது: "அண்ணி பாத்திரம் மனதை விட்டு அகலவில்லை." முதல் 200 பக்கத்தில் அந்த அண்ணி வருவதே மூன்று இடம். கதவைத் திறக்கிறாள், போனை எடுத்துக் கொடுக்கிறாள், மழைக்கு ஜன்னலைச் சாத்துகிறாள். அப்படிப்பட்டவளை ஒரு விமர்சகர் ஏன் தேடிப்பிடித்துப் பாராட்ட வேண்டும்? வரியைப் படித்தவருக்கு ஜன்னல் சாத்துகிற இடத்திலேயே நாவல் முடிந்துவிடும். மிச்சம் 140 பக்கமும் சரிபார்க்கிற வேலைதான்.

நாவல் ஒரு பாத்திரத்துக்குத் தரும் இடமும் விமர்சனம் தரும் இடமும் ஒட்டாமல் போனால் வாசகர் மோப்பம் பிடித்துவிடுவார். சந்தேகத்துக்குரியவர்கள் ஐந்து பேர் இருக்க, நான்கு பேரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதினாலும் இதே கதைதான். விட்டுப்போன அந்த ஐந்தாவது ஆள்தான் முதலில் கண்ணில் படுவார்.

#2
எனக்கு உறுத்துவது விமர்சனம் அல்ல, விமர்சனங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு பித்தலாட்டம். "நான்" என்று தன்மையில் சொல்லப்படும் கதை. எட்டாம் அத்தியாயம் இரவு பத்து மணிக்கு முடிகிறது. ஒன்பதாவது இப்படித் தொடங்குகிறது: "பாத்திரம் கழுவி முடித்தபோது மணி பத்து நாற்பது." நடுவே 40 நிமிடம் காணவில்லை. அழகான வேலை, முழுக்க நியாயமான ஆட்டம். கதைசொல்லி பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டார், அவ்வளவே.

ஆனால் 21ஆம் அத்தியாயத்தில் அதே ஆள், தனியாகப் படுத்திருக்கும்போது, தன் மனசுக்குள் "யார் இதைச் செய்திருப்பார்கள்?" என்று யோசிக்கிறார். செய்ததே அவர்தான்! பக்கத்தில் யாரும் இல்லை, நடிக்க வேண்டிய தேவையும் இல்லை. வாசகரை ஏமாற்ற மட்டுமே எழுதப்பட்ட வரி அது.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். முடித்ததும் குற்றம் நடந்த அத்தியாயத்தையும், அதன் பிறகு கதைசொல்லி தனியாக இருக்கும் இடங்களையும் மட்டும் மறுபடி படியுங்கள். கதைசொல்லி பேசுவது, செய்வது, நினைப்பது மூன்றையும் பிரித்துப் பாருங்கள். பேச்சில் பொய் இருக்கலாம். நினைப்பில் இருந்தால், அதற்குக் கதைக்குள்ளேயே காரணம் வேண்டும்: மறதி, நோய், அல்லது யாரோ படிப்பதற்காக எழுதிய டைரி. துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி 1926ல் இந்த இடைவெளி வித்தையைத்தான் செய்தார், ஒரு பொய்கூடச் சொல்லாமல். விதி அதைவிடக் கறார்: 1929ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற எழுத்தாளர் துப்பறியும் கதைகளுக்குப் போட்ட பத்து விதிகளில் முதல் விதியின் பிற்பாதியே, எவருடைய எண்ணங்களை வாசகர் பின்தொடர அனுமதிக்கப்பட்டாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது.

#3
2ஆம் பதிவுக்காரரே, தலைப்பைச் சொல்லவில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? 1926ல் கிறிஸ்டிக்கு வந்தது ஒரே நாவல். வருஷத்தைச் சொன்னாலே போதும், முடிந்தது. பழைய புத்தகம்தானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். இன்றைக்கு எடுப்பவருக்கு அது புதுப் புத்தகம்.

#4
ஆடியோபுக் பற்றி யாரும் பேசவில்லையே. இன்றைய த்ரில்லர்களில் வழக்கமாக ஒரு உத்தி உண்டு: நடுநடுவே சாய்ந்த எழுத்தில் இரண்டு பக்கம், பெயர் சொல்லாத கொலையாளி பேசுவார். அச்சில் அது ஆணா பெண்ணா, என்ன வயது, எதுவும் தெரியாது. ஒலியில் அது நடக்காது. வாசிப்பவர் ஏதாவது ஒரு குரலில் பேசித்தானே ஆக வேண்டும்? நான் சொல்லும் நாவலில் கொலையாளி ஒரு வாக்கியத்தின் நடுவே மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்கிறார். ஆறாவது அத்தியாயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அதே போல மூச்சை இழுக்கிறார். ஜோலி முடிந்தது.

எனவே எந்த வடிவத்தில் படித்தீர்கள் என்பதை விமர்சனத்தில் ஒரு வரி போடுங்கள். "முடிவை முன்பே ஊகித்துவிட்டேன்" என்று எழுதுபவர் கேட்டவரா, படித்தவரா என்பது தெரியாமல் அந்தக் குறையை எழுத்தாளர் தலையில் கட்ட முடியாது.

#5
மேலே உள்ளவை எல்லாம் சரி. எனக்குத் தொண்டையில் மாட்டிய முள் "கடைசி 30 பக்கம் வரை யூகிக்கவே முடியாது" என்ற வரி. அதைப் படித்தவர் அந்த 30 பக்கத்துக்கு முன்பே பிடிபடுகிற ஆளைக் குற்றவாளி என்று நம்பவே மாட்டார். ட்விஸ்ட் எங்கே என்று சொல்வதும் ட்விஸ்ட்டைச் சொல்வதுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் புதிதாக எழுதுபவர்களுக்காக. கதைச் சுருக்கத்தை நாவலின் முதல் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். 300 பக்கம் என்றால் 60. பின்னட்டையில் இருப்பதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பின்னட்டையே 150ஆம் பக்கத்துச் சங்கதியை உளறியிருந்தால் அதைத் திருப்பிச் சொல்லாதீர்கள், பதிப்பாளர் செய்த தவறு நமக்கு லைசென்ஸ் ஆகாது. படிக்கும்போதே பாதியில் நிறுத்தி, யார் மேல் சந்தேகம், ஏன் என்று இரண்டு வரி எழுதி மூடி வையுங்கள். முடிவு தெரிந்த பிறகு "முதலிலிருந்தே தெரியும்" என்று மனசு கதை கட்டும், அந்தக் காகிதம் அதை ஒத்துக்கொள்ளாது. தொய்வு என்று எழுதினால் இடத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது நடுப்பகுதியில், துப்பறிபவர் ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததை மேலதிகாரிக்கு விளக்கும் காட்சிகளில் இருக்கும். அத்தியாயம் எந்த வரியில் முடிகிறது என்றும் பாருங்கள். வரிசையாக ஐந்து அத்தியாயம் கதவு தட்டும் சத்தத்தில் முடிந்து, ஐந்திலும் வந்தது நண்பர்தான் என்றால் அது விறுவிறுப்பு இல்லை, ஏய்ப்பு.

மேற்கோள் ஒன்றாவது வேண்டும், நாலு வரிக்குக் குறையாமல். நடை எப்படி என்று நூறு சொல்லில் விளக்குவதை அது செய்துவிடும். வெளியீட்டுக்கு முன் வரும் பிரதியிலிருந்து எடுத்தால், அச்சான புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே போடுங்கள், வரிகள் மாறியிருக்கும். மதிப்பெண்ணை முடித்த அன்றே போட வேண்டாம். கிளைமாக்ஸ் சூட்டில் எல்லாம் ஐந்து நட்சத்திரம்தான். கடைசியாக, அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் விமர்சகர்களுக்கு 1975ல் சொன்னது: எழுத்தாளர் முயலாத ஒன்றைச் சாதிக்கவில்லை என்று குறை சொல்லாதீர்கள். விமான நிலையத்தில் படிக்க எழுதிய த்ரில்லரில் தத்துவம் தேடுபவர்கள் கவனிக்க.

#6
3க்கும் 5க்கும்: ஸ்பாய்லருக்கு, அதாவது முடிவை முன்பே போட்டு உடைப்பதற்கு, இவ்வளவு பயம் தேவையில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான் டியேகோ ஆய்வு ஒன்று 2011ல் வந்தது. 12 சிறுகதைகள், மர்மக் கதைகளும் அதில் உண்டு. முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்கள் அதிகம் ரசித்ததாகவே முடிவு. 2015ல் வந்த இன்னொரு ஆய்வு நேர்மாறாகச் சொன்னது, அதையும் மறைக்கவில்லை. சினிமா இயக்குநர் ஹிட்ச்காக் மேஜைக்கடியில் குண்டு வைத்துச் சொன்ன உதாரணம் தெரியும்தானே? பார்ப்பவருக்குத் தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, தெரிந்திருந்தால் 15 நிமிடப் பதற்றம்.

#7
நண்பரே, அந்தக் குண்டைக் காட்டுவது இயக்குநர். விமர்சகர் தியேட்டர் வாசலில் நின்று கத்துவது வேறு.

என்னை உறுத்துவது வேறொன்று. நான் படித்த ஒரு நாவலில், மயக்க மருந்தான குளோரோஃபார்மில் நனைத்த கைக்குட்டை, மூக்கில் வைத்த இரண்டு விநாடியில் ஆள் சரிகிறார். உண்மையில் சில நிமிடங்கள் விடாமல் சுவாசித்தால்தான் மயக்கம் வரும், அதுவரை ஆள் திமிறுவார். அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. இந்த மாதிரிப் பிழை பத்து நாவலில் எட்டில் கிடைக்கும், கண்டுகொள்ளாமல் போய்விடலாம். இந்த நாவலில் அப்படி விட முடியாது. கொலையாளி விருந்திலிருந்து காணாமல் போவது மூன்றே நிமிடம், மொத்த சாட்சியமும் அந்த மூன்று நிமிடத்தின் மேல் நிற்கிறது. நிஜ மருந்தை வைத்தால் அந்த நேரத்தில் குற்றமே நடக்க முடியாது. பிழையைக் கண்டால் நான் கேட்பது ஒன்றுதான்: இதை உருவினால் கதை சரிகிறதா? சரிந்தால் முக்கியக் குறை, இல்லாவிட்டால் அரை வரி. ரிவால்வரில் சைலன்சர் மாட்டுவதும் இப்படித்தான். சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சந்து வழியாக வாயுவும் சத்தமும் வெளியேறும், அதில் சைலன்சர் பலிக்காது.

#8
நாகன் எம்1895 ரிவால்வரில் பலிக்கும். சுத்தியலை இழுத்ததும் உருளை முன்னே நகர்ந்து சந்தை அடைத்துவிடும். கதை நடக்கும் ஊர், காலம், துப்பாக்கி மாடல் மூன்றையும் பார்க்காமல் விமர்சனத்தில் "தவறு" என்று எழுதிவிடாதீர்கள்.