அப்பாவுக்கு மார்ஃபின் ஆரம்பிக்கணும்ங்குறாங்க, சரின்னு சொல்லலாமா?

தூக்கமில்லா_இரவு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயசு, ப்ராஸ்டேட் கேன்சர், இப்ப இடுப்பு எலும்புலயும் முதுகெலும்புலயும் பரவியிருக்குன்னு ஸ்கேன்ல வந்திருக்கு. ஒரு மாசமா பாராசிட்டமாலும் ட்ரமடாலும் குடுத்தாங்க, முதல்ல கேட்டுச்சு, இப்ப சுத்தமா கேக்கல. ராத்திரி புரண்டு படுக்கும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டு முனகுறாரு, நான் எழுந்து உக்காந்தா ஒண்ணுமில்ல நீ தூங்குங்குறாரு. முந்தாநாள் அட்மிட் பண்ணிட்டோம். காலைல ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள வலி எவ்ளோன்னு கேட்டா கூசாம மூணுங்குறாரு!! ராத்திரி பூரா பக்கத்துல இருந்து பாத்தவ நான்.

இப்ப மார்ஃபின் ஆரம்பிக்கலாம், முதுகுக்கு ரேடியேஷனும் குடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அத்தை இதக் கேட்டதுமே அழுதுட்டாங்க, மார்ஃபின்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தமாம். அண்ணன் என்னடான்னா அடிமையாயிடுவாரு, இப்பவே குடுத்துட்டா பின்னாடி வலி அதிகமாகும்போது குடுக்க எதுவும் இருக்காதுங்குறான். எனக்கு இன்னொரு குழப்பம், வலி இருக்கோ இல்லையோ நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா குடுப்போம்னு நர்ஸ் சொன்னாங்க. வலிக்காதப்ப எதுக்கு அவ்ளோ ஸ்ட்ராங்கான மருந்து? யாராவது பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ், நாளைக்கு காலைல பதில் சொல்லணும்.

வார்டு_அக்கா:
தங்கச்சி, நான் கேன்சர் வார்டுல 14 வருஷமா நர்ஸா இருக்கேன். உங்க அத்தை சொன்னத நான் வாரத்துக்கு ரெண்டு தடவையாவது கேட்டுடுவேன். மார்ஃபின் குடுக்குறதுக்கும் எவ்ளோ நாள் இருப்பாங்கங்குறதுக்கும் சம்பந்தமே இல்ல, வலி எவ்ளோ கடுமைங்குறதுதான் கணக்கு. மாசக்கணக்குல, சிலர் வருஷக்கணக்குல கூட சாப்பிட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வர்றாங்க. உலக சுகாதார நிறுவனம் 1986லயே கேன்சர் வலிக்கு மூணு படி ஏணின்னு ஒண்ணு வெளியிட்டாங்க, முதல் படி பாராசிட்டமால் மாதிரி, ரெண்டாவது கோடீன் ட்ரமடால், மூணாவது மார்ஃபின். உங்க அப்பா ரெண்டாவது படில நின்னு பாத்தாச்சு, கேக்கல, அவ்ளோதான் விஷயம். இப்பல்லாம் வலி கடுமையா இருந்தா நடுப்படிய விட்டுட்டு நேரா குறைஞ்ச டோஸ் மார்ஃபினுக்கே போயிடுறதும் உண்டு.

அந்த நாலு மணி நேரக் கணக்குக்கு வரேன், ஏன்னா வீட்டு ஆளுங்க தப்பு பண்றதே இங்கதான். வாய் வழியா குடுக்குற சாதாரண மார்ஃபின் அரை மணி நேரத்துல வேலை செய்ய ஆரம்பிக்கும், சுமார் நாலு மணி நேரம் தாங்கும். வலிக்கலன்னு ஒரு வேளை விட்டீங்கன்னா அடுத்த வலி முழு வேகத்துல வந்து உக்காந்துக்கும், அத எறக்க இன்னும் அதிக மருந்து வேணும், நடுவுல அவருக்கும் எப்ப வருமோன்னு ஒரு பயம் வந்துடும். வலி இல்லாம இருக்குறதே போன வேளை மருந்து ரத்தத்துல இருக்குறதாலதான்! அதனால கடிகாரம் பாத்து குடுக்குறோம். இதுக்கு நடுவுல திடீர்னு குத்துச்சுன்னா அதுக்குன்னு தனியா ஒரு டோஸ் எழுதி வச்சிருப்பாங்க, பொதுவா ஒரு நாள் மொத்தத்துல ஆறுல ஒரு பங்கு. உதாரணத்துக்கு சொல்றேன், நாலு மணிக்கு ஒருக்கா 5 மில்லிகிராம்னா நாளைக்கு 30, திடீர் வலிக்கு 5. ஒரு நாள்ல அந்த எக்ஸ்ட்ரா மூணு தடவை தேவைப்பட்டுச்சுன்னா மொத்தம் 45 ஆச்சு, அப்ப மறுநாள் ஒவ்வொரு வேளையும் 7.5க்கு ஏத்துவாங்க. இப்படி தேவைய கண்டுபிடிச்சு நிலையானதும் 12 மணி நேரம் தாங்குற மாத்திரைக்கு மாத்திடுவாங்க, அப்ப ராத்திரி எழுப்பவும் வேணாம். அதனால எக்ஸ்ட்ரா டோஸ் கேக்க கூச்சப்படாதீங்க, நீங்க கேக்கலன்னா சார்ட்ல ஏறாது, சார்ட்ல ஏறலன்னா டோஸும் ஏறாது.

அண்ணன்கிட்ட சொல்லுங்க, பாராசிட்டமால் மாதிரி இதுக்கு மேல கூடாதுன்னு ஒரே அளவு மார்ஃபினுக்குக் கிடையாது, பக்கவிளைவு தாங்குற வரைக்கும் டாக்டர் மேற்பார்வைல ஏத்திக்கிட்டே போகலாம். சேத்து வச்சு பின்னாடி செலவழிக்க இது பணம் இல்ல.

மூணுங்குறாரே, அது எனக்கு ஆச்சரியமே இல்ல. டாக்டர தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நெனைப்பாங்க, இல்ல வலி அதிகம்னு சொன்னா கீமோவ நிறுத்திடுவாங்களோன்னு பயம். நம்பர் வேணாம், நீங்க எழுதிக் குடுங்க. எத்தனை மணிக்கு முழிச்சாரு, எந்தப் பக்கம் படுக்க முடியல, பாத்ரூம் நடக்க எவ்ளோ நேரமாச்சு. எங்களுக்கு அதுதான் வேணும்.

பழைய_சைக்கிள்:
அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க, நான் ஒண்ணே ஒண்ணு. எங்கம்மாவுக்கு மார்ஃபின் குடுத்தப்ப வலி போச்சு ஆனா ஆறு நாள் வெளிக்கே போகல, வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, கடைசில வலிய விட அதுதான் பெரிய கொடுமை. டிஸ்சார்ஜ் சீட்டுல மலமிளக்கி எழுத மறந்துட்டாங்க, எங்களுக்கும் கேக்கத் தெரியல. முதல் மாத்திரையோட முதல் நாள்லேருந்தே அதையும் ஆரம்பிக்கணுமாம். மத்தபடி குமட்டல் ஒரு வாரத்துல போயிடுச்சு. முதல் ரெண்டு மூணு நாள் தூங்கிக்கிட்டே இருந்தாங்க, நாங்க பதறிட்டோம், அப்புறம் பாத்தா அது பல வாரம் தூங்காத பாக்கி.

நடுநிலை_ஆள்:
எல்லாரும் ஈஸியா சொல்றீங்க. என் மாமனாருக்கு ஆரம்பிச்ச நாலாவது நாள் கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சு, சுவத்துல பூச்சி ஊருதுன்னு கைய காட்டுறாரு, பேரன யாருன்னு கேக்குறாரு. பயந்துட்டோம். அதனால யோசிச்சு சரின்னு சொல்லுங்க.

வார்டு_அக்கா:
@நடுநிலை_ஆள் அவருக்கு கிட்னி எப்படி இருந்துச்சு? மார்ஃபின் உடம்புல உடைஞ்சு உருவாகுற பொருளுங்க கிட்னி வழியாத்தான் வெளியேறணும், கிட்னி சரியில்லன்னா தேங்கிடும், நீங்க சொன்ன துடிப்பு, பிரமை எல்லாம் அப்ப வரும். அதுக்கு டோஸ் குறைப்பாங்க, இல்ல ஃபென்டானில் மாதிரி வேற மருந்துக்கு மாத்துவாங்க. தங்கச்சி, ப்ராஸ்டேட் பிரச்சினைல சிறுநீர் அடைச்சு கிட்னி பாதிக்கிறது நடக்கக்கூடியதுதான், அதனால கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை கிரியாட்டினின் பாத்தாச்சான்னு நாளைக்கு மறக்காம கேளுங்க. தூக்கத்துல மூச்சு ரொம்ப மெதுவாகி, கூப்பிட்டா எழுப்ப முடியலன்னா உடனே மணி அடிங்க, அதுக்கு மாத்து மருந்து நலாக்ஸோன் வார்டுலயே இருக்கும்.

நடுநிலை_ஆள்:
ஆமா, க்ரியாட்டினின் ஜாஸ்தின்னு சொன்னதா ஞாபகம். மருந்த மாத்தினதும் சரியாச்சு, அது உண்மைதான்.

மருந்து_டப்பா:
நான் ஃபார்மசிஸ்ட். அடிமையாகுற பயத்தப் பத்தி. உடம்பு பழகுறது வேற, அடிமையாகுறது வேற. பழகிடும், அதனால திடீர்னு நிறுத்தினா வேர்வை, நடுக்கம், வயித்துப்போக்கு வரும், படிப்படியா குறைச்சா வராது. அடிமைங்குறது வலி இல்லாதப்பவும் மனசு அதையே தேடுறது, வலிக்காக சரியான அளவுல சாப்பிடுறவங்ககிட்ட அது அதிகம் பாக்குறதில்ல, ஆனா பூஜ்யம்னும் சொல்ல மாட்டேன், முன்னாடி குடிப்பழக்கம் இருந்தவங்கன்னா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

12 மணி நேர மாத்திரைய உடைக்கவோ பொடி பண்ணவோ கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியா இறங்கிடும், ஆபத்து. தோல்ல ஒட்டுற ஃபென்டானில் பேட்ச் குடுத்தா பெரும்பாலும் 72 மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும், ஒட்டின உடனே கேக்காது, அரை நாளுக்கு மேல ஆகும், அது மேல வெந்நீர்ப் பை வச்சா மருந்து வேகமா உள்ள போயிடும், வைக்காதீங்க. நரம்ப அழுத்துற வலி, அதாவது எரியுது, ஷாக் அடிக்குதுன்னா மார்ஃபின் மட்டும் பத்தாது, கூட ப்ரிகாபாலின், அமிட்ரிப்டிலின் மாதிரி சேப்பாங்க. முதலாவது வலிப்பு மருந்து, அடுத்தது மனச்சோர்வு மருந்து, இதையெல்லாம் எதுக்கு எழுதியிருக்காங்கன்னு கவுன்டர்ல சண்டைக்கு வந்தவங்க உண்டு :)

ரேடியேஷனுக்கு கண்டிப்பா சரின்னு சொல்லுங்க. எலும்பு வலிக்கு பல சமயம் 8 கிரே (கதிர்வீச்சோட அளவு) ஒரே ஒரு தடவை குடுத்தாலே போதும், பத்துப் பேர்ல சுமாரா ஆறு பேருக்கு வலி குறையுது. ஆனா உடனே இல்ல, சில வாரம் ஆகலாம், முதல் ரெண்டு மூணு நாள் சிலருக்கு வலி கூடிட்டு அப்புறம்தான் இறங்கும், பயந்துடாதீங்க. முதுகெலும்புல இருக்குறதால இத மட்டும் தலைல ஏத்திக்கோங்க: கால் திடீர்னு பலமில்லாம போனாலோ மரத்துப் போனாலோ, ஒண்ணுக்கு வராம நின்னாலோ காலைல சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க, தண்டுவடம் அழுத்தப்படுறதா இருக்கலாம், அதே நிமிஷம் சொல்லணும்.

தூக்கமில்லா_இரவு:
எல்லாருக்கும் நன்றி. லேட்டா எழுதறேன் மன்னிக்கணும். அக்கா சொன்ன மாதிரி ஒரு ராத்திரி முழுக்க நோட்டுல எழுதினேன், 12.40, 2.15, 3.30, 4.50ன்னு. டாக்டர்கிட்ட குடுத்தேன், அவங்க அப்பாகிட்ட காட்டி, ஐயா இது மூணு மாதிரி தெரியலயேன்னாங்க. அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலயே பாத்துட்டு, ராத்திரி எட்டுன்னாரு. கிரியாட்டினின் நார்மல். ட்ரமடால நிறுத்திட்டு நேத்து மதியம் மார்ஃபின் ஆரம்பிச்சாச்சு, ரேடியேஷன் வியாழக்கிழமை. எக்ஸ்ட்ரா டோஸ் ரெண்டு தடவை கேட்டேன், அதுல ஒண்ணு அவரே கேட்டாரு. ராத்திரி ஒரு தடவைதான் முழிச்சாரு. அத்தை இன்னும் பேசல.

பழைய_சைக்கிள்:
சந்தோஷம்மா. மலமிளக்கி எழுதினாங்களா??

தூக்கமில்லா_இரவு:
ஐயோ. இருங்க, கேட்டுட்டு வரேன்.